ஜன்னலோர நாற்காலி

"இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று அம்மா சொல்லச் சொல்ல, மகளும் அப்பாவும் கட்டிலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அதில் படுத்தபடியே இருந்தாள். தூக்கி வேறிடத்தில் கிடத்தினால் வலி தாங்க மாட்டாள் என்று நர்ஸ் சொல்லியிருந்ததால் ஆளோடு சேர்த்துத்தான் நகர்த்த வேண்டியிருந்தது. கட்டிலின் ஒரு கால் தரையில் உராய்ந்து கிறீச்சிட்டது.

"ஆளு பஞ்சு மாதிரி ஆயிட்டா. கட்டில்தான் இந்தக் கனம் கனக்குது" என்றார் அப்பா மூச்சு வாங்க.

"உங்க அம்மா வாங்கிக் கொடுத்த கட்டில். அப்படித்தான் இருக்கும்" என்றாள் அம்மா.

கட்டில் வந்து நின்ற இடத்தைப் பார்த்தபோது மகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜன்னல் அம்மாவின் தலைமாட்டுக்குப் பின்னால் போய்விட்டது. வெளிச்சமெல்லாம் எதிரே கிடந்த பழைய மர நாற்காலியின்மேல் விழுந்துகொண்டிருந்தது.

"இப்படிப் படுத்தா உனக்கு ஜன்னலே தெரியாதேம்மா. வெளிய மரம் எல்லாம் இருக்கு."

"மரத்தைப் பாத்து நான் என்ன பண்ணப் போறேன்? வர்றவங்க மூஞ்சி தெரியணும்."

"சரி, உன் இஷ்டம். அடுத்த வாரம் புது மருந்து வந்துடும். அப்புறம் நீயே எழுந்து கட்டிலை எங்க வேணா இழுத்துக்கோ" என்று சொல்லி மகள் சிரித்தாள்.

அம்மா அந்தச் சிரிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "டீ கிடைக்குமா?" என்று கேட்டாள்.

புது மருந்து என்று ஒன்றும் கிடையாது. முந்தின நாள் மாலை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, அவர்கள் இருவரையும் வாசல் வரை அழைத்துப்போய், இனிமேல் வலிக்குத்தான் மருந்து, ஒரு நாள் தாங்கினால் அதிகம், பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று முடிவெடுத்தது மகள்தான். அப்பா தலையை ஆட்டினார். அவர் எதற்கும் தலையை ஆட்டுவார். மகளுக்கு விமான நிலையத்தில் வேலை, பெட்டி தொலைந்தவர்கள் வந்து கத்தும் மேசையில். யார் எப்படிக் கத்தினாலும் முகம் மாறாமல் சிரித்துக்கொண்டே பதில் சொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று பேர். அந்தச் சிரிப்பை நேற்று மாலையிலிருந்து அவள் கழற்றவே இல்லை. கழற்றினால் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிடும், அவ்வளவுதான்.

ஆனால் யாரிடம் போய் இந்த வித்தையைக் காட்டிக்கொண்டிருந்தாள்? முகம் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருந்த ஒருத்தியிடம்.

அம்மா முதலில் தொலைக்காட்சித் தொடர்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்துக் கொடுப்பவளாக இருந்தாள். மாமியார், நீதிபதி, டாக்டர், சொத்தைச் சுருட்டும் சித்தப்பா, முதல் வாரத்திலேயே செத்துப்போகும் அண்ணன் என்று எந்த வேஷமானாலும் அதற்கு ஒரு முகம் கொண்டுவர வேண்டும். வாய்ப்புக் கேட்டு வருகிறவர்களை மட்டும் பார்த்தால் போதாது என்பது அவள் கட்சி. பேங்க் வரிசை, ரயில், பல் டாக்டரின் காத்திருக்கும் அறை, எங்கே போனாலும் கண்ணெடுக்காமல் ஆட்களைப் பார்ப்பாள். "அந்த ஆளு வக்கீல். ஆனா தோக்கிற வக்கீல்" என்று மகளின் காதைக் கடிப்பாள். மகளுக்கு மானம் போகும். பஸ்ஸில் ஒருமுறை ஒரு பெண், என்னைப் பார்த்தால் எப்படி இருக்கிறது என்று சண்டைக்கே வந்துவிட்டாள். கொஞ்ச நாளில் அதே பெண் ஒரு தொடரில் வில்லியாக வந்து வீட்டுக்கு வீடு திட்டு வாங்கினாள்.

அப்பாவைப் பிடித்ததும் அப்படித்தான். அப்போது அவர் ஒரு கடிகாரக் கடையில் இருந்தார். "தினம் வந்து கண்ணாடிக்கு வெளிய நின்னு என்னையே பாப்பா. நான் காதல்னு நினைச்சேன். இவ என்னை ஹீரோவோட நண்பன் வேஷத்துக்குப் பாத்திருக்கா" என்று யார் வந்தாலும் சொல்வார். "அந்த நாற்காலியில உக்கார வெச்சா. ரொம்ப நேரம். நான் பல்லைக் காட்டிட்டே இருந்தேன். தேறலைன்னுட்டா. வேஷத்துக்குத் தேறல, வீட்டுக்குத் தேறிட்டேன்."

அவர் சொன்ன நாற்காலிதான் இப்போது வெளிச்சத்தில் கிடந்தது. அம்மா யாரையும் வசனம் படிக்கச் சொன்னதில்லை. அழுது காட்டச் சொன்னதில்லை. ஜன்னல் வெளிச்சம் முகத்தில் படும்படி அதில் உட்கார வைத்து, "சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்துவிடுவாள். வந்தவர்கள் சிரிப்பார்கள், முடியைச் சரிசெய்வார்கள், கஷ்டப்பட்டுச் சோகமாகப் பார்ப்பார்கள். எல்லாம் தீர்ந்து, இனிக் காட்ட ஒன்றுமில்லை என்றானபின், முகம் தானாக இறங்கும். அதற்காகத்தான் அவள் காத்திருப்பாள்.

குழாய் ரிப்பேர் பார்க்க வந்தவர்கூட அந்த நாற்காலியில் உட்கார்ந்து போயிருக்கிறார். மகள் மட்டும் உட்கார்ந்ததில்லை. சின்ன வயதில் ஒரு நாள், "என்னை மட்டும் ஏன் உக்காரச் சொல்ல மாட்டேங்கிறே?" என்று கேட்டாள். "நீயா வந்து உக்காரணும். நான் சொல்லி நீ உக்காந்தா அது வேலை" என்றாள் அம்மா. அவள் உட்காரவில்லை. பயமா என்று யாராவது கேட்டால் சண்டைக்குப் போவாள். ஆனால் பயம்தான்.

முதலில் வந்தவர் பஸ் டிரைவர். ஓய்வு பெற்று வெகு காலம் ஆகிவிட்டது. ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஆரஞ்சுப் பழங்களை ஒரு பையில் கொண்டுவந்திருந்தார்.

அம்மாவின் வாழ்க்கையைத் திருப்பிவிட்ட மனிதர் அவர். ஒரு தொடரில் ஒரே ஒரு காட்சிக்கு பஸ் டிரைவர் ஒருவர் வேண்டியிருந்தது. அம்மா தான் தினம் ஏறும் பஸ்ஸை ஓட்டியவரையே கூட்டிக்கொண்டு போனாள். தயாரிப்பாளர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவரைப் பாத்தா டிரைவர் மாதிரியே இல்லையேம்மா, வாத்தியார் மாதிரில்ல இருக்காரு" என்றார். பெரிய மீசை வைத்த நடிகர் ஒருவரை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தார்கள். அவருக்கு வண்டியை நகர்த்தத் தெரியவில்லை. எனவே நிஜ டிரைவரையும் நாலைந்து பேரோடு சேர்ந்து பின்னாலிருந்து தள்ளச் சொன்னார்கள். அவரும் தள்ளினார். அன்று சாயங்காலம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்த அம்மா, அதே டிரைவரின் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போனாள். பிறகு ஒரு கேமராவை இரவல் வாங்கி அவர் பக்கத்தில் வைத்து, ஒரு முழு ஓட்டத்துக்கும் அவர் முகத்தை மட்டும் படம் எடுத்தாள். கதை இல்லை, பாட்டு இல்லை. பிரேக் போடுவதற்கு ஒரு கணம் முன்னால் அந்த முகத்தில் வந்துபோகும் கவலையைப் பார்த்தவர்கள் மூச்சு விட மறந்தார்கள்.

அதற்கப்புறம் அவள் தொடர் பக்கமே போகவில்லை. நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவர்கள், புகார் போன் எடுக்கும் பெண்கள், ஆபரேஷன் நடக்கும் அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் என்று இருக்கிறவர்களை இருக்கிறபடியே எடுத்தாள். எங்கோ தூர தேசத்தில் அவள் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. திரும்பி வந்தவளிடம் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "ரெண்டு நல்ல மூஞ்சி பாத்தேன்" என்றாள். மகள் அந்தப் படங்களைப் பார்த்திருக்கிறாள். நன்றாகத்தான் இருந்தன. ஆனால் சும்மா உட்கார்ந்திருப்பவர்களைச் சும்மா உட்கார்ந்து படம் பிடிப்பதில் அப்படி என்ன பெரிய வேலை என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது.

"எப்படி இருக்கீங்க மேடம்? பாக்க நல்லாத்தானே இருக்கீங்க" என்று டிரைவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "பேரன் பஸ் ஓட்டணுங்கிறான். வேணாண்டான்னு சொல்லிட்டிருக்கேன். மூட்டு வலிதான் கொஞ்சம். வயசாச்சில்ல."

அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு மெல்ல வற்றியது. அவர் ஆரஞ்சுப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பிறகு அதை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அப்படியே இருந்தார். தட்டில் டீயோடு வந்த மகள் அவர் முகத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். அதில் துக்கம் என்று தனியாக எதுவும் தெரியவில்லை. சாலை முழுவதும் பார்த்து முடித்த ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பது மட்டும் தெரிந்தது.

அப்போது அம்மாவின் வலது கை ஆள்காட்டி விரல் போர்வையின்மேல் ஒருமுறை தட்டியது.

மகள் டீத் தட்டை அங்கேயே கீழே வைத்தாள். பேச முடியாமல் போனால் விரலை அசைப்பார்கள், வலி என்று அர்த்தம், நாக்குக்கு அடியில் சொட்டு மருந்து விடுங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். "வலிக்குதாம்மா?" என்று ஓடிவந்தாள். அம்மா இல்லை என்று தலையசைத்தாள். டிரைவர் எழுந்துகொண்டார்.

அடுத்து வந்தது அந்தத் தயாரிப்பாளரேதான். வயதாகிவிட்டாலும் வாசனை குறையவில்லை. அவர் வருவதற்கு முன்னால் அவருடைய சென்ட் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார்.

"நீங்க போனதுக்கப்புறம் ஒரு சீரியல் உருப்படலைம்மா. சத்தியமா சொல்றேன். மூஞ்சியா அதெல்லாம்? எல்லாம் பொம்மை" என்று கண்ணைத் துடைத்தார். கண்ணில் ஒன்றும் இல்லை. பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். அம்மா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் களைத்துப்போவது மகளுக்குத் தெரிந்தது. கடைசியில் அவரே அலுத்துப்போய், "சீக்கிரம் எழுந்து வாங்க, ஒரு படம் பண்ணுவோம்" என்று கிளம்பினார். வாசல் வரை போனவர் என்ன நினைத்தாரோ, திரும்பி அம்மாவைப் பார்த்தார். கைக்குட்டை கையிலேயே தொங்கியது. ஒரு நொடிதான். வழி தெரியாமல் நிற்கும் ஒரு கிழவர் அங்கே நின்றார்.

அம்மாவின் விரல் தட்டியது.

இந்த முறை மகள் கேட்கவில்லை. மருந்துக் குப்பியை எடுத்து வந்துவிட்டாள். "வேணாம்..." என்று அம்மா முகத்தைத் திருப்பினாள்.

"வலியைப் பொறுத்துக்கிட்டு யாருக்கும்மா காட்டப்போறே? கொஞ்சம் தூங்கு, எல்லாம் சரியாயிடும்" என்று மகள் அதே சிரிப்போடு சொட்டு மருந்தை விட்டாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண் சொருகியது.

மதியம் தாடி வந்தார். அம்மாவின் எல்லாப் படங்களுக்கும் கேமரா பிடித்தவர். தாடியை எடுத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டாலும் பேர் போகவில்லை. வெறும் கையோடு வந்திருந்தார்.

"கேமரா கொண்டு வரட்டுமான்னு நேத்து போன்ல கேட்டேன். எதுக்குடா, எனக்குத்தான் கண்ணு இருக்கேன்னு சொல்லிடுச்சு அக்கா" என்றார். தூங்கிக்கொண்டிருந்தவளைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், கட்டில் கிடந்த கோணத்தைப் பார்த்தார். "அட" என்றார் மெதுவாக.

"காலையில ரெண்டு தடவை வலி வந்துடுச்சு அண்ணா. விரல் தட்டுச்சு. அதான் மருந்து கொடுத்துத் தூங்க வெச்சிருக்கேன்" என்றாள் மகள்.

"எப்படித் தட்டுச்சு?"

அவள் தட்டிக் காட்டினாள்.

தாடி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ யாராவது நாற்காலியில உக்காந்திருந்தாங்களாம்மா?" என்று கேட்டார். சொன்னாள்.

"அது வலி இல்ல, கண்ணு. அது கட். அக்கா வாயால கட் சொல்லி நான் கேட்டதே இல்ல. குரல் கேட்டா அவங்க உடனே மூஞ்சியைத் திரும்ப மாட்டிக்குவாங்கன்னு சொல்லும். கிடைச்சுதுன்னா விரலால ஒரு தட்டு. நான் கேமராவை நிறுத்திடுவேன். அவ்வளவுதான் எங்க பாஷை."

மகள் அம்மாவின் கையைப் பார்த்தாள். எலும்பும் தோலுமாக, ஊசி குத்திய இடமெல்லாம் கறுத்துப்போய், போர்வையின்மேல் கிடந்தது. காலையிலிருந்து அந்தக் கை வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. எழுந்து உட்கார முடியாது, ஒரு வாய் டீ இறங்காது, ஆனாலும் தன்னைக் கட்டிலோடு இழுக்கச் செய்து, வெளிச்சத்தைச் சரிபண்ணி, சென்ட் வாசனைக்கு அடியில் கிடந்த ஒரு கிழவரை வாசல்படியில் வைத்துப் பிடித்திருக்கிறாள். அதுவும் அவளை அந்த வேலையை விட்டே வெளியேற வைத்தவரை. ஒரு வார்த்தை பேசாமல். சும்மா உட்கார்ந்திருப்பது என்ன பெரிய வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவ்வளவு பெரிய ஒன்று இந்த வீட்டிலேயே, டீத் தட்டுக்கும் குழாய் ரிப்பேருக்கும் நடுவில், இத்தனை காலம் நடந்துகொண்டிருந்ததா?

உடனே இன்னொன்றும் உறைத்தது. அம்மாவுக்கு மிச்சமிருந்ததே இந்த ஒரு பகல்தான். அதில் பாதியை அவள் மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிட்டாள்.

"எழுந்துடுவாங்களா அண்ணா?" என்று கேட்டாள். அப்போதும் உதடு பழக்கத்தில் சிரித்தது. தாடி அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் போன பிறகு அவள் கட்டிலின் பக்கத்திலேயே நின்றாள். தலையணையைச் சரிசெய்தாள், குப்பிகளை நகர்த்தி வைத்தாள், நகர்த்திய குப்பிகளைத் திரும்ப வைத்தாள். வெயில் நாற்காலியின் கைப்பிடியிலிருந்து மெல்ல நழுவிக்கொண்டிருந்தது.

அது இன்னும் முழுக்கப் போகாமல் இருந்தபோதே அம்மா கண் விழித்தாள். அந்தக் கண்கள் நேராக நாற்காலிக்குப் போயின. யாரும் இல்லை. பிறகு மகளிடம் வந்தன. பேச்சு வரவில்லை. உட்காரச் சொல்லிக் கண்ணால் கேட்கவும் இல்லை, அவள் என்றைக்குக் கேட்டாள்?

தண்ணி கொண்டு வரட்டுமா என்று சொல்ல மகள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்ததும் சிரித்தாள். பெட்டி கண்டிப்பாகக் கிடைத்துவிடும் என்று சொல்கிற சிரிப்பு. வெளிச்சத்தில் கண் கூசியது. எதிரே அம்மாவின் முகம் நிழலில் இருந்தது. இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. அவற்றில் கேள்வி இல்லை, கோபம் இல்லை, அவசரம் இல்லை. உலகத்தில் வேறு வேலையே இல்லாததுபோல அவை பார்த்துக்கொண்டிருந்தன. கன்னம் வலித்தது. புது மருந்து பற்றி இன்னொரு முறை சொல்லலாமா என்று தோன்றியது. அது தானாகவே அடங்கியது. விமான நிலையத்தில் தனக்கு நல்ல பேர் என்று தோன்றியது, அதுவும் அடங்கியது. முதலில் நெற்றி தளர்ந்தது, அப்புறம் தாடை. உதடுகள் எப்போது ஒன்றுசேர்ந்தன என்று அவளுக்குத் தெரியாது. நீ சாகப்போறேம்மா, எனக்குப் பயமா இருக்கு, போகாதே. வாய் அசையவில்லை. ஆனால் எல்லாம் அங்கே வந்துவிட்டது என்று அவளுக்கே தெரிந்தது. மறைக்கத் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து தன்னைப் பார்த்துக்கொண்டிருந்த கண்களுக்கு முன்னால் முதல் தடவையாக அவள் சும்மா இருந்தாள்.

அம்மாவின் விரல் கொஞ்சம் உயர்ந்தது. உயர்வதற்கே வெகு நேரம் பிடித்தது. போர்வையின்மேல் ஒரு தட்டு. சத்தம்கூட வரவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று தெரியாது. அப்பா உள்ளே வந்து சுவிட்சில் கை வைத்தார்.

"லைட் போடாதீங்கப்பா."

அவர் கையை எடுத்துக்கொண்டார். நாற்காலியில் அவளைப் பார்த்ததும், "உக்காந்துட்டியா" என்றார். அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "கொஞ்சம் எந்திரிம்மா. எனக்கும் ஒரு பாக்கி இருக்கு" என்றார்.

மகள் போர்வையைப் பார்த்தாள். மார்புக்கு மேல் அது ஏறவில்லை, இறங்கவில்லை. சொல்ல வேண்டும். சொல்ல வந்தவள், சொல்லாமல் எழுந்து நாற்காலியை விட்டாள்.

அப்பா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார், இருக்கும் கொஞ்சம் முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டார், உட்கார்ந்தார். கடிகாரக் கடைக்காரன் பல்லைக் காட்டினான். ஜன்னலில் முகம் தெரியும் அளவுக்கு மட்டும் வெளிச்சம் பாக்கி இருந்தது. அவள் அம்மாவின் தலைமாட்டில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, இமைக்காமல் அப்பாவைப் பார்த்தாள்.

வெகு நேரம் அந்தப் பல் அப்படியே இருந்தது. பிறகு உதடு அதை மூடியது. அவருக்குத் தெரிந்திருந்தது, உள்ளே வரும்போதே தெரிந்திருந்தது. யாரும் எதுவும் சொல்லாமலே அவர் முகம் மெல்ல மெல்ல இறங்கி, அடிவரை வந்து நின்றது.

அவளுடைய விரல் கட்டிலின் சட்டத்தை ஒருமுறை தட்டியது.